யாருடைய நிலத்தில் கூடாரம்? அமெரிக்க முகாம் வாழ்வும் மதமும் பழமைவாத அரசியலும்

1921 ஜூலையில் மேரிலாந்து மலைப்பகுதியில் ஓர் ஓடைக்கரையோரம் கூடாரம் அடித்துத் தங்கியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு, கண்டுபிடிப்பாளர் தாமஸ் எடிசன், டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் ஆகியோர் அந்தக் காலத்தில் கோடைகளில் சேர்ந்து மேற்கொண்ட பயணங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு மெதடிஸ்ட் பேராயர் வில்லியம் ஆண்டர்சனும் அவர்களோடு இருந்தார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி வாரன் ஹார்டிங் விருந்தாளியாக வந்து தங்கினார். சமையல்காரர்கள், சரக்கு லாரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் உண்டு. ஞாயிறன்று திறந்தவெளியில் ஆராதனையும் நடந்தது. இவ்வளவு பரிவாரத்தோடு போனதை எளிய வாழ்வு என்று அவர்கள் நம்பியது தனிக் கதை.

பெருந்தொழில், திருச்சபை, குடியரசுக் கட்சி மூன்றும் அங்கே ஒரே கூடாரத்தடியில் கூடியது தற்செயலா? அல்லது காட்டில் முகாமிடும் அமெரிக்கப் பழக்கத்துக்குள்ளேயே மதமும் பழமைவாதமும் ஊறிக் கிடக்கின்றனவா? இறையியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் அரசியல் அறிஞர்களும் இதற்குப் பல காலமாக வெவ்வேறு பதில்களைத் தந்து வருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை முகாமிடுபவரின் மனத்தை ஆராய்கின்றன. அவர் காலுக்குக் கீழே இருக்கும் நிலம் யாருடையது என்று கேட்பவை குறைவு. அது சிறிய குறை அல்ல என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

எழுப்புதல் கூட்டங்களின் வாரிசா?

முதல் பதில் மத வரலாற்றாசிரியர்களுடையது. 1801 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் பிரெஸ்பிட்டேரியன் போதகர் பார்ட்டன் ஸ்டோன் ஏற்பாடு செய்த திருவிருந்து ஆராதனைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக அக்காலக் கணிப்புகள் சொல்கின்றன. இருபத்தைந்தாயிரம் என்று சொன்னவர்களும் உண்டு. மாநிலத்தின் பெரிய ஊரான லெக்சிங்டனிலேயே அப்போது இரண்டாயிரம் பேர் இல்லை. வந்தவர்கள் வண்டிகளிலும் கூடாரங்களிலும் நாள்கணக்கில் தங்கினார்கள். அழுதார்கள், விழுந்தார்கள், பாடினார்கள். இந்த வடிவத்தை மெதடிஸ்ட் பேராயர் பிரான்சிஸ் ஆஸ்பரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் பரப்பினார். மசாசூசெட்ஸ் தீவொன்றில் 1835இல் தொடங்கிய வெஸ்லியன் குரோவ், நியூ ஜெர்சிக் கடற்கரையில் 1869இல் தொடங்கிய ஓஷன் குரோவ் ஆகியவை இந்த மரபின் நிலையான முகாம்கள். இன்றைய குடும்ப முகாம், சபை முகாம், கோடை முகாம் எல்லாம் இந்த வேரிலிருந்தே கிளைத்தன என்பது இத்தரப்பின் வாதம்.

இதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனாலும் இரண்டு இடங்களில் வாதம் தடுமாறுகிறது. முதலாவது, கேன் ரிட்ஜில் கூடியவர்கள் காட்டைத் தேடிப் போனவர்கள் அல்லர்; அவ்வளவு பேரைக் கொள்ளும் கட்டடம் அந்த எல்லைப்புறத்தில் இல்லை. மரநிழல் அவர்களுக்கு ஒரு வசதி மட்டுமே. மத வரலாற்றாசிரியர் லீ எரிக் ஷ்மிட் காட்டியபடி, இக்கூட்டங்களின் மூலம் ஸ்காட்லாந்தின் திருவிருந்துத் திருவிழாக்களில் இருக்கிறது. ஆக, அமெரிக்கக் காடு பெற்றெடுத்த பிள்ளை என்றுகூட இதைச் சொல்ல முடியாது. இரண்டாவது சிக்கல் அரசியல் சார்ந்தது. இக்கூட்டங்களில் படிப்பில்லாத போதகர்கள் பேசினார்கள். பெண்கள் பொதுவில் வாய் திறந்தார்கள். அடிமைப்பட்ட கறுப்பினத்தவரும் கலந்துகொண்டார்கள். நேதன் ஹேட்ச் 1989இல் வெளியிட்ட நூல் இவற்றைப் படித்த குருமாருக்கு எதிரான சாமானியர் கலகமாகவே வாசிக்கிறது. பழமைவாதம் கூடாரத்தோடு பிறந்தது என்பதற்கு இங்கே ஆதாரம் கிடைப்பதில்லை. அது பின்னால் வந்து குடியேறியது.

வனாந்தரமும் ஆலயமும்

இரண்டாவது பதில் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. காட்டுக்குப் போவது சபைக்குப் போவதன் மாற்று என்கிறது அது. 17ஆம் நூற்றாண்டுப் பியூரிட்டன் குடியேறிகளுக்கு வனாந்தரம் என்றால் சோதனைக்களம், பிசாசின் இருப்பிடம். பின்னர் அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. தத்துவவாதி எமர்சனின் ‘இயற்கை’ நூல் 1836இல் வந்தது. தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் வாழ்ந்தார். பிறகு இயற்கைப் பாதுகாப்பு முன்னோடி ஜான் மியூர் யோசெமிட்டியின் பாறைகளில் கடவுளைக் கண்டார். சபிக்கப்பட்ட நிலம் இப்படி ஆலயமாக மாறிய கதையை ராடரிக் நாஷ் 1967இல் வெளியிட்ட நூல் விரிவாகச் சொல்லி, ஒரு தலைமுறைக்கே பாடமாக்கியது. அதே ஆண்டு லின் வைட் என்ற வரலாற்றாசிரியர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் இருப்பதாகக் குற்றம்சாட்டியது. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்களுக்கு முடிவு எளிதாகக் கிடைத்தது: பக்தர்கள் ஒருபுறம், காட்டை நேசிப்பவர்கள் மறுபுறம்.

அந்த எளிமைதான் இதன் பலவீனம். வைட் மதத்தை விட்டு விலகியவர் அல்லர். தன் கட்டுரையின் முடிவில் அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் காவல் புனிதராக்கலாம் என்று முன்மொழிந்தவர். போப் இரண்டாம் ஜான் பால் 1979இல் அதைச் செய்தும் காட்டினார். மார்க் ஸ்டோல் 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமான செய்தியைச் சொல்கிறது. அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பின் முன்னோடிகளில் பெரும்பாலோர் கால்வினிய மரபுக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். கண்டிப்பான தந்தையிடம் வளர்ந்த மியூர், சிறுவயதிலேயே புதிய ஏற்பாடு முழுவதையும் மனப்பாடம் செய்தவர். சபையை விட்டாலும் பிரசங்கிக்கும் குரலை அவர் விடவில்லை.

இந்த இரு தரப்புகளையும் ஒருசேரச் சிக்கலில் மாட்டிவிடும் மனிதர் ஒருவர் உண்டு. பொழுதுபோக்காக முகாமிடுவதை அமெரிக்காவில் வெகுமக்கள் மோகமாக்கியவர் யார் என்று தேடினால், பாஸ்டன் நகரின் பார்க் ஸ்ட்ரீட் தேவாலயப் போதகர் வில்லியம் எச். எச். மர்ரி வந்து நிற்கிறார். அடிராண்டாக் மலைகளைப் பற்றி 1869இல் அவர் எழுதிய நூலைப் படித்துவிட்டு அந்தக் கோடையிலேயே நகரவாசிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். போனவர்களில் பலர் மழையிலும் பூச்சிக்கடியிலும் நொந்து திரும்பியதால் ‘மர்ரியின் முட்டாள்கள்’ என்ற பட்டப்பெயரும் வந்தது. அவர் ஊழியம் செய்த தேவாலயம் பாஸ்டனில் வைதிகக் கொள்கைக்குப் பெயர்போனது. தன் சபையையும் காட்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக அவர் நினைக்கவில்லை. உழைத்துக் களைத்த நகரவாசிக்கு, குறிப்பாகப் போதகர்களுக்கு, காடு மருந்து என்றார். ஓஷன் குரோவில் முதல் ஜெபக் கூட்டம் நடந்ததும் அதே 1869 கோடையில்தான். ஒரே நேரத்தில், ஒரே புராட்டஸ்டன்ட் நடுத்தர வர்க்கத்தில், இரு வகை முகாம்களும் வேர்விட்டன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நிறுவ முனைவதைவிட, இரண்டுக்கும் பொதுவான வர்க்கத்தைக் கவனிப்பது பலன் தரும்.

நடுத்தர வர்க்கத்தின் யாத்திரை

அந்த வர்க்கத்தைக் கவனித்தவர்கள் சமூக வரலாற்றாசிரியர்கள். டெரன்ஸ் யங் முகாமிடுவதை நகர வாழ்விலிருந்து தப்பித்துப் புதுப்பித்துக்கொண்டு திரும்பும் யாத்திரை என்கிறார். வாரன் பெலாஸ்கோ கார் வந்த பிறகு சாலையோர முகாம்கள் எப்படிக் கட்டண முகாம்களாகவும் மோட்டல்களாகவும் உருமாறின என்று காட்டினார். இந்தப் பார்வையில் மதம் ஒரு சாயல் மட்டுமே. உண்மையில் நடப்பது நுகர்வு. ஃபீபி யங் 2021இல் கூர்மையான கேள்வி ஒன்றைச் சேர்த்தார்: யார் கூடாரம் அடித்தால் அது விடுமுறை, யார் அடித்தால் அது குற்றம்? 1932இல் வாஷிங்டனில் போனஸ் கேட்டு முகாமிட்ட முன்னாள் படைவீரர்களை ராணுவம் விரட்டியது. ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் 1939இல் கறுப்பினத்தவருக்கென்று லூயிஸ் மவுண்டன் முகாமைத் தனியே திறந்தார்கள். யோசெமிட்டியில் ‘தூய இயற்கை’யைக் காண வந்தவர்களுக்கு முன்பாக, 1851இல் ஒரு தன்னார்வப் படை அங்கிருந்த பூர்வகுடிகளை விரட்டியிருந்தது. வில்லியம் குரோனன் 1995இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆளில்லா வனம் என்ற கற்பனையே இத்தகைய வெளியேற்றங்களின் மேல் கட்டப்பட்டது என்றது. அக்கட்டுரை வனப் பாதுகாவலர்களைக் கோபப்படுத்தியது. கோபத்துக்கு நியாயம் உண்டு, ஆனால் வரலாறு குரோனன் பக்கம் இருக்கிறது.

இந்தத் தரப்பிடம் குறையாகச் சொல்லத்தக்கது, நம்பிக்கையை அது அலங்காரமாகக் கருதிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை முகாமில் ஜெபிக்கிறவரிடம் நீங்கள் செய்வது நுகர்வு என்று சொன்னால், அவர் ஏன் ஜெபிக்கிறார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ரூஸ்வெல்ட் கட்சி எப்படி வாட் கட்சியானது?

அரசியல் அறிஞர்களைக் குடையும் புதிர் வேறு. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1903 மே மாதம் மியூரோடு யோசெமிட்டியில் முகாமிட்டார். 1906இல் தொல்பொருள் சட்டத்தில் கையெழுத்திட்டு, ஜனாதிபதியின் ஆணையாலேயே நிலங்களைத் தேசியச் சின்னங்களாக அறிவிக்க வழிசெய்தார். 1964ஆம் ஆண்டின் வனச் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று தாங்கியவர் பென்சில்வேனியாவின் ஜான் சேலர். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970இல் ஏற்படுத்தியவர் நிக்சன். மூவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். பத்தே ஆண்டுகளில் அதே கட்சி பொதுநிலங்களை மத்திய அரசின் ஆக்கிரமிப்பாகப் பேசத் தொடங்கியது. 1979இல் நெவாடாவில் மூண்ட ‘சேஜ்பிரஷ் கலகம்’ அதற்குக் கொடி பிடித்தது. 1981இல் ரேகன் உள்துறைச் செயலராக நியமித்த ஜேம்ஸ் வாட் அதன் முகம் ஆனார்.

வாட் பெந்தெகொஸ்தே சபைக்காரர். இங்கிருந்துதான் மிகப் பிரபலமான விளக்கம் புறப்படுகிறது: உலகம் சீக்கிரம் முடியப்போகிறது என்று நம்புகிறவர்கள் காட்டை ஏன் காப்பாற்றுவார்கள்? கடைசி மரம் வெட்டப்பட்டதும் கிறிஸ்து வருவார் என்று வாட் சொன்னதாக ஒரு வாசகம் பல ஆண்டுகள் சுற்றியது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை. நாடாளுமன்றக் குழு முன் அவர் சொன்னது வேறு: ஆண்டவர் வருவதற்குள் எத்தனை தலைமுறை இருக்கும் என்று தெரியாது, ஆனாலும் அந்தத் தலைமுறைகளுக்கு வளங்களை விட்டுச்செல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். பொய் மேற்கோளைப் பயன்படுத்திய மூத்த பத்திரிகையாளர் பில் மாயர்ஸ் 2005இல் வாட்டிடம் மன்னிப்புக் கேட்டார். கல்வியுலகில் பரவிய ஒரு கருத்து இப்படி ஒரு வதந்தியின் தோளில் ஏறி நின்றது கவலைக்குரியது.

அதற்காக இறையியல் விளக்கத்தை முழுவதும் ஒதுக்கவும் முடியாது. ஜேம்ஸ் கத், ஜான் கிரீன் முதலானோர் 1990களில் நடத்திய கருத்தாய்வுகளும், 2013இல் டேவிட் பார்க்கரும் டேவிட் பேர்ஸும் வெளியிட்ட ஆய்வும், கடைசிக்கால நம்பிக்கைக்கும் சூழல் நடவடிக்கைகளுக்கான ஆதரவுக் குறைவுக்கும் தொடர்பு காண்கின்றன. ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. கட்சிச் சார்பும் வாழும் பகுதியும் இவற்றோடு பின்னிக் கிடக்கின்றன. ஜேம்ஸ் மார்ட்டன் டர்னரும் ஆண்ட்ரூ ஐசன்பெர்கும் 2018இல் எழுதிய நூல், மேற்கு மாநிலங்களின் சுரங்கம், எண்ணெய், மேய்ச்சல் நலன்களையும், அரசு ஒழுங்குமுறைமீது வளர்ந்த வெறுப்பையும் முதன்மைக் காரணங்களாக வைக்கிறது. நெவாடா நிலத்தில் சுமார் 80 விழுக்காடும் யூட்டாவில் அறுபது விழுக்காட்டுக்கு மேலும் மத்திய அரசுக்குச் சொந்தம் என்பதை நினைத்தால், இந்த விளக்கம் கனமாகவே தெரிகிறது.

முகாம் ஆளை உருவாக்குகிறதா?

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலைகளில் ஹென்ரியெட்டா மியர்ஸ் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை 1938இல் ஃபாரஸ்ட் ஹோம் முகாமைத் தொடங்கினார். 1949இல் வேதாகமத்தின்மீது சந்தேகங்களோடு அங்கே போன இளைஞர் பில்லி கிரஹாம், காட்டுக்குள் தனியே ஜெபித்துத் தீர்மானத்தோடு திரும்பினார். சில வாரங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெருங்கூடாரம் போட்டு அவர் நடத்திய கூட்டங்கள் அவரை நாடறிந்த சுவிசேஷகர் ஆக்கின. வரலாற்றாசிரியர் டேரன் டோச்சக் போன்றோர் விவரிக்கும் தென்கலிபோர்னியச் சுவிசேஷப் பழமைவாதத்தின் உருவாக்கத்தில் இத்தகைய முகாம்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம். 2001இல் ஜான் எல்ட்ரெட்ஜ் எழுதிய ‘வைல்ட் அட் ஹார்ட்’, மலையேறும், வேட்டையாடும், கூடாரமிடும் ஆணையே கடவுள் படைத்த ஆணாக முன்வைத்து லட்சக்கணக்கில் விற்றது. வரலாற்றாசிரியர் கிறிஸ்டின் டு மெஸ் 2020இல் அந்தப் போக்கைக் கிறிஸ்தவ தேசியவாதத்தின் ஆண்மைக் கற்பனையோடு இணைத்து விமர்சித்தார். மார்மன் சபை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சாரணர் இயக்கத்தோடு வைத்திருந்த உறவை 2019 இறுதியில் முடித்துக்கொண்டதையும், சாரணர் கொள்கை மாற்றங்களை ஏற்காத சுவிசேஷச் சபையினர் ‘டிரெய்ல் லைஃப்’ என்ற மாற்று அமைப்பைத் தொடங்கியதையும் இத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

முகாம்தான் பழமைவாதியை வார்க்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். யூத இடதுசாரித் தொழிலாளர்கள் 1923இல் தொடங்கிய கேம்ப் கிண்டர்லேண்ட், அதே மரத்தடி, அதே பாட்டு, அதே கூட்டுச் சமையல் வழியே வேறு பிள்ளைகளை வளர்த்தது. குவேக்கர் முகாம்களும் உண்டு. கருவி ஒன்று; கொள்கை அதைப் பிடித்த கையைப் பொறுத்தது. பழமைவாதக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பழமைவாத முகாமுக்கு அனுப்புகின்றனவா, முகாம் அவர்களை அப்படி ஆக்குகிறதா என்பதைப் பிரித்தறிய நீண்டகாலத் தொடர் ஆய்வுகள் வேண்டும்.

கேரவன் வண்டிகளின் தலைநகரான இந்தியானாவின் எல்க்ஹார்ட் பகுதியும் இன்னும் விரிவான கவனத்துக்குரியது. அங்குள்ள தொழிற்சாலைகளில் ஆமிஷ் சமூகத்தினர் பெருமளவில் வேலை செய்கிறார்கள். சொந்தமாகக் கார் வைத்திருப்பதை மறுக்கும் சபையின் கைகள், ஓய்வுபெற்ற அமெரிக்கர்களுக்கு ஓடும் வீடுகளைக் கட்டித் தருகின்றன.

நிலத்தின் கேள்வி

ஓஷன் குரோவுக்குத் திரும்புவோம். அங்கே இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட கூடாரங்கள் கோடைதோறும் எழுகின்றன. நிலம் முழுவதும் மெதடிஸ்ட் முகாம் சங்கத்துக்குச் சொந்தம். வீடு வைத்திருப்பவர்கள் குத்தகைதாரர்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊரில் வண்டி ஓட்டத் தடை இருந்தது. சங்கத்தின் கையில் இருந்த உள்ளாட்சி அதிகாரத்தை 1979இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் பறித்த பிறகே அது முடிவுக்கு வந்தது. 2007இல் கடற்கரை மண்டபத்தில் ஒருபால் இணையருக்குச் சடங்கு நடத்தச் சங்கம் மறுத்தபோது வழக்கு எழுந்தது. பொதுமக்களுக்குத் திறந்துவிடுவோம் என்ற உறுதியின் பேரில் அந்த மண்டபத்துக்கு வரிவிலக்கு வாங்கியிருந்ததால் சங்கம் தோற்றது. இங்கே மோதியவை வெறும் நம்பிக்கைகள் அல்ல, தனிச்சொத்தும் பொதுச்சலுகையும்.

அரிசோனாவின் ஓக் ஃபிளாட் இதைவிடத் தெளிவான வழக்கு. வழக்கு எழுந்தபோது அது மத்திய அரசின் வனத்துறை முகாம் மைதானம். குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஐசன்ஹோவரின் ஆட்சி 1955இல் அங்கே சுரங்கம் தோண்டத் தடை விதித்தது. சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களுக்கு அது மாற்றிடம் இல்லாத வழிபாட்டு நிலம். கீழே பெருந்தாமிரப் படிவு. 2014இல் பாதுகாப்பு நிதிச் சட்டத்துக்குள் செருகப்பட்ட ஒரு பிரிவு, அந்த நிலத்தை ரியோ டின்டோ, பிஎச்பி நிறுவனங்களின் கூட்டுச் சுரங்கத்துக்கு மாற்றித்தர வழிசெய்தது. அதை முன்தள்ளியவர்களில் குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜான் மெக்கெய்னும் ஒருவர். அப்பாச்சியரின் வழக்கை நடத்தியது பெக்கெட் என்ற மதச்சுதந்திரச் சட்ட அமைப்பு. பழமைவாதிகள் கொண்டாடிய பல தீர்ப்புகளை வென்றது அது. கிறிஸ்தவச் சபைகள் பலவும் ஆதரவு மனு போட்டன. 2024இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 6க்கு 5 என்ற கணக்கில் அப்பாச்சியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தபோது கடுமையான மாற்றுக்கருத்து எழுதியவர் பழமைவாத நீதிபதி நீல் கோர்சக். உடன் நின்றவர் கிளாரன்ஸ் தாமஸ்.

மேலே கண்ட கோட்பாடுகளில் எது இதை விளக்கும்? பழமைவாதம் ஒரே குரலாக இருந்திருந்தால் கோர்சக் அப்படி எழுதியிருக்க மாட்டார். கிறிஸ்தவம் இயற்கைக்கு எதிரி என்றால் அந்த மனுக்கள் வந்திருக்க மாட்டா. மதச்சுதந்திரத்தை உயர்த்திப் பிடிக்கும் பழமைவாதமும் வளத்தைத் தோண்டும் பழமைவாதமும் ஒரே முகாம் மைதானத்தில் எதிரெதிரே நின்றன. பிளவுக்கோடு மனத்தில் அல்ல, நில உரிமையில் ஓடியது.

எவை எஞ்சியிருக்கின்றன

இந்தக் கணிப்புக்கும் வரம்புகள் உண்டு. நில உரிமை என்ற பார்வை மோதல்களை விளக்கும், பக்தியை விளக்காது. பெரும்பாலான முகாம் பயணங்களில் வழக்கும் இல்லை, மோதலும் இல்லை. முகாமிடுபவர்களின் மதம், வாக்கு, போகும் இடம் ஆகிய மூன்றையும், அந்த இடம் சபை நிலமா அரசு நிலமா தனியார் நிலமா என்பதோடு சேர்த்துக் கேட்கும் விரிவான கருத்தாய்வே இத்துறைக்கு இப்போது முதல் தேவை. கறுப்பினச் சபைகளின் முகாம் மரபும், லத்தீன் அமெரிக்க வழிவந்த பெந்தெகொஸ்தே சபையினரின் முகாம்களும் பொது வரலாறுகளில் இன்னும் ஓரத்திலேயே நிற்கின்றன. அவற்றை மையத்துக்குக் கொண்டுவந்தால் ‘பழமைவாத முகாம்’ என்ற வகைமையே மாறக்கூடும்.

அண்மைச் சான்று ஒன்று நில விளக்கத்துக்கு வலுச்சேர்க்கிறது. 2025 ஜூனில் யூட்டாவின் குடியரசுக் கட்சிச் செனட்டர் மைக் லீ, மேற்கு மாநிலங்களின் பொதுநிலங்களில் லட்சக்கணக்கான ஏக்கரை விற்கும் திட்டத்தை வரவுசெலவு மசோதாவில் சேர்த்தார். வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்போரும் முகாமிடுபவர்களும் எதிர்த்தார்கள். மொன்டானா, ஐடாஹோ மாநிலங்களின் செனட்டர்களும் எதிர்த்தார்கள். அந்த நால்வரும் லீயின் கட்சிக்காரர்களே. மாதம் முடிவதற்குள் அவர் அதைத் திரும்பப் பெற்றார்.